மலைக்கு வழி போட்ட கலெக்டர் ஜான் சல்லிவன்

 

ஜனவரி மாதம் நம் பள்ளியில் இருந்து ஊட்டிக்கு டூர் போனது எல்லோருக்கும் தெரியும். நான் போகவில்லை. தீபாவளி முடிந்த பிறகு அம்மாவுக்கு பயர் ஆபீசில் சரியாக வேலை இல்லை. அதனால் பணம் கட்ட முடியவில்லை. போயிட்டு வந்தவர்கள் தொட்டபெட்டாவில் எடுத்த போட்டோவைக் காட்டினார்கள். சாப்பிட வர்க்கியும் தந்தார்கள். அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கொண்டை ஊசி வளைவில் ஏறி விடுகிறோம். ரோடே இல்லாத காலத்தில் யார் ஏறினார்கள்? எப்படி ஏறினார்கள்? சமூக அறிவியல் சாரிடம் கேட்டேன். சார் ஜான் சல்லிவனைப் பற்றிச் சொல்லி, படிக்கப் புத்தகமும் தந்தார்கள். அவர் வாழ்க்கையை இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

பிறப்பும் பதவியும்

ஜான் சல்லிவன் 1788ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி லண்டனில் பிறந்தார். பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்து சென்னைக்கு வந்துவிட்டார். படிப்படியாக உயர்ந்து 1815இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஆனார். அப்போது நீலகிரி மலையும் கோயம்புத்தூரோடு சேர்ந்துதான் இருந்தது.

நம்ம ஊரில் மழை பெய்து வெறித்த மறுநாள் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலை பளிச்சென்று தெரியுமே, அதுபோல அங்கே நீலகிரி தெரியும். 1818இல் அவருக்குக் கீழே வேலை பார்த்த விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு பேர் மேலே போய்விட்டு வந்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டதும் சல்லிவனுக்கும் ஆசை வந்துவிட்டது.

ஆறு நாள் ஏற்றம்

1819 ஜனவரி 2ஆம் தேதி. சிறுமுகைப் பக்கம் இருந்து சல்லிவன் புறப்பட்டார். கூடவே வெள்ளைக்காரர்களும் நம் நாட்டு சிப்பாய்களும் போனார்கள். ரோடு கிடையாது. செங்குத்தான பாறை, காடு. ஆறு நாள் ஏறினார்கள். வழியில் சிலர் இறந்தே போனார்களாம். கடைசியில் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். தலைவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் செத்துப் போனவர்களின் பெயர் நான் படித்த புத்தகத்தில் இல்லை. அதைப் படிக்கும்போது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அதே வருடம் கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் ஒரு வீடு கட்டினார். பிறகு சிறுமுகையில் இருந்து கோத்தகிரிப் பக்கம் மலைப்பாதை போடும் வேலை நடந்து, 1823இல் முடிந்தது. ஊட்டியில் கல் பங்களா கட்டினார். ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். நம் தோழிகள் படகு விட்டார்களே, அதே ஏரிதான்! உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போன்றவற்றையும் அங்கே பயிர் செய்ய வைத்தார்.

யார் கண்டுபிடித்தது?

பொது அறிவுப் புத்தகங்களில் ஊட்டியைக் கண்டுபிடித்தவர் சல்லிவன் என்று போட்டிருக்கும். நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். ஆனால் தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் எல்லாம் அவருக்கு எவ்வளவோ காலம் முன்பே அங்கே வாழ்ந்தவர்கள். வெளியில் இருந்து போனவர்களிலும் அவர் முதல் ஆள் இல்லை. பினிசியோ என்ற பாதிரியார் 1603லேயே கேரளப் பக்கம் இருந்து ஏறியிருக்கிறார். நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் நம் வீட்டைக் கண்டுபிடித்தார் என்று சொல்வோமா?

இது சல்லிவனுக்கே தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்த நிலம் தோடர்களுக்கு உரிமையானது, அதை எடுத்தால் அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்களிடம் வாதாடியிருக்கிறார். அவரும் தோடர்களிடம் நிறைய நிலம் வாங்கினார். ஏக்கர் ஒரு ரூபாய்தான் என்கிறார்கள். அது சரியான விலையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் அதிகாரம் கையில் இருக்கிறவர் இல்லாதவர்களுக்காகப் பேசினாரே, அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

சோகமான முடிவு

1838ஆம் ஆண்டு அவருக்குப் பேரிடி விழுந்தது. மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் அந்த ஒரே வருடத்தில் இறந்து போனார்கள். ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அவர்கள் கல்லறை இருக்கிறது. ஆசையாகத் தேடிப் போன மலையிலேயே குடும்பத்தைப் புதைத்துவிட்டு, 1841இல் சல்லிவன் இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1855 ஜனவரி 16ஆம் தேதி காலமானார்.

நாம் தெரிந்து கொள்வது

தோழர்களே! வியூ பாயிண்ட்டில் நின்று போட்டோ எடுக்கும்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த இடத்துக்கு நாம் சுலபமாகப் போக, யாரோ கல் உடைத்தார்கள், யாரோ மண் சுமந்தார்கள், யாரோ உயிரை விட்டார்கள். அங்கேயே பிறந்து வாழ்கிறவர்களுக்கு அது சுற்றுலாத்தலம் இல்லை, வீடு. சிப்ஸ் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் அங்கே போட்டுவிட்டு வரலாமா?

நானும் ஒருநாள் கட்டாயம் போவேன். ஊட்டிக்கு நேராகப் போக மாட்டேன். கோத்தகிரி வழியாகப் போய் முதலில் கன்னேரிமுக்கு வீட்டைத்தான் பார்ப்பேன். 

உங்களுக்குத் தெரியுமா?
★ தொட்டபெட்டா என்றால் பெரிய மலை என்று பொருள். உயரம் 2,637 மீட்டர்.
★ கன்னேரிமுக்கு வீடு இப்போது சல்லிவன் நினைவகமாக இருக்கிறது.
★ ஊட்டி கல் பங்களா இப்போது அரசு கலைக் கல்லூரியில் இருக்கிறது.
★ கூட்டத்தைக் கட்டுப்படுத்த நீலகிரிக்குப் போகும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது.

எழுதியவர்: 9ஆம் வகுப்பு மாணவி