ஒலிக்கு வடிவம் தந்த வீரமாமுனிவர்

சேலம், ஏற்காடு, ஓமலூர், மேட்டூர், சேந்தமங்கலம், மோகனூர் – இவை நாம் நாள்தோறும் சொல்லும் ஊர்ப் பெயர்கள். இவற்றின் முதலெழுத்து ஒவ்வொன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. எல்லாம் ஏகாரமோ ஓகாரமோ கொண்ட நெட்டெழுத்துகள். இன்று இரண்டாம் வகுப்புச் சிறுமியும் இவற்றைப் பிழையின்றிப் படித்துவிடுகிறாள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓலையில் இதே பெயர்களைக் கண்டவர், எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. அந்தக் குறையை நீக்கிய பெருமகனார் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லர். கடல் கடந்து வந்து தமிழுக்கே தம்மை ஒப்படைத்த இத்தாலியத் துறவி அவர். அவரே வீரமாமுனிவர்.

பிறப்பும் வருகையும்

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது முனிவரின் இயற்பெயர். இத்தாலி நாட்டில் காஸ்டிக்ளியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தார். இளைஞரின் காவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் இவ்வூரில்தான். 1698ஆம் ஆண்டில் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் 1710இல் கோவா வந்திறங்கினார். அடுத்த ஆண்டில் தமிழகம் அடைந்து மதுரை மறைப்பணித் தளத்தில் சேர்ந்தார்.

அத்தளம் நம் பகுதிக்குப் புதியதன்று. தத்துவ போதகர் என்று பெயர் பூண்ட இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1623ஆம் ஆண்டிலேயே மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்து மறையுரை ஆற்றினார். மக்களின் மொழியில் மக்களோடு பேச வேண்டும் என்ற அவருடைய வழியையே பெஸ்கி அடிகளும் பின்பற்றினார். காவியுடை உடுத்தார், புலால் நீக்கினார், தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். அது வடசொல் என்பதால் பின்னர் வீரமாமுனிவர் என்னும் செந்தமிழ்ப் பெயர் வழங்கலாயிற்று. சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் இலக்கண இலக்கியங்களைக் கற்றார் என்பது புலவர் மரபில் வழங்கிவரும் செய்தி.

செவியால் கற்ற தமிழ்

முப்பது வயதைக் கடந்தபின் ஒரு புதிய மொழியைக் கற்பது எளிதன்று. அதிலும் தமிழில் அவருடைய தாய்மொழியில் இல்லாத ஒலிகள் பல. நாம் தொட்டிலிலேயே இவற்றைக் கற்றுவிட்டதால் இவற்றின் அருமையை உணர்வதில்லை. தோழியரே, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ‘ப’ என்று சொல்லுங்கள். இதழ்கள் இரண்டும் சேர்கின்றன. ‘த’ என்று சொல்லுங்கள். நாக்கு மேற்பல்லைத் தொடுகிறது. ‘ட’ என்னும்போது நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘ம்’ என்று நீட்டிச் சொல்ல முயலுங்கள். ஒலி அங்கேயே நின்றுவிடும். ஏனெனில் அது மூக்கு வழியே வரும் மெல்லெழுத்து.

உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகிறது என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துச் சொன்னார். ஒலியியல் என்று இக்காலக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் கலைக்கு நம்மிடம் இருந்த பழைய அடித்தளம் அது.

வீரமாமுனிவர் இந்தப் பாடத்தை நூலில் படித்ததோடு நில்லாமல் நாவாலும் செவியாலும் பயின்றார். ல, ள, ழ என்னும் மூன்றும் அவருக்கு மூன்று தனி முயற்சிகள். அம்முயற்சி பின்வந்தோர்க்கும் பயன்பட வேண்டும் என்று எண்ணினார். 1728ஆம் ஆண்டில் பேச்சுத் தமிழுக்கு இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதியபோது, எழுத்துகளையும் அவற்றை ஒலிக்கும் முறையையுமே முதலில் வைத்தார். கொடுந்தமிழ் இலக்கணம் என்று வழங்கும் அந்நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அதை அச்சிட்டவர்கள் லுத்தரன் சபையார் என்பது குறிப்பிடத்தக்கது. சமயக் கருத்தில் முனிவரோடு மாறுபட்டவர்களும் அவருடைய இலக்கண அறிவை மதித்தனர்.

ஒரு மாத்திரையின் மதிப்பு

தமிழில் ஒலியின் நீளத்தை மாத்திரை என்னும் அளவால் அளக்கிறோம். இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஒரு மாத்திரை கூடினால் பொருளே மாறிவிடும். ‘எரி’ என்பது நெருப்பு. ‘ஏரி’ என்பது நீர்நிலை. ‘கொட்டை’ புளியம்பழத்தில் இருப்பது; ‘கோட்டை’ நாமக்கல் மலைமேல் நிற்பது. இவ்வாறு பொருளை வேறுபடுத்தும் ஒலியை இன்றைய மொழிநூலார் ஒலியன் என்பர்.

இத்தாலிய மொழியில் உயிரொலியின் நீளம் மட்டும் மாறினால் பொருள் மாறுவதில்லை. ஆகவே முனிவர் இந்த வேறுபாட்டை ஒவ்வொரு சொல்லிலும் விழிப்போடு கேட்டுக் கற்க வேண்டியிருந்தது. கேட்டதை ஓலையில் தேடியபோதுதான் இடர் எழுந்தது.

பழைய முறைப்படி எகரமும் ஒகரமும் குறில் என்று காட்ட மேலே புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லையேல் அது நெடில். மெய்யெழுத்திற்கும் புள்ளி உண்டு. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு பொத்துப்போகும். எனவே எழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டனர். அதனால் ‘எடு’ என்பதும் ‘ஏடு’ என்பதும் ஓலையில் ஒன்றாயின. ‘சேலம்’ என்பதைச் ‘செலம’ என்றும் படிக்கலாம். தமிழை நன்கறிந்த புலவர் இடம் நோக்கிப் பொருள் கண்டுகொண்டார். புதிதாகக் கற்பவர் என்ன செய்வார்? மறைநூலை ஏட்டிலிருந்து படித்துக் காட்டும் எளிய வேதியர் என்ன செய்வார்? ‘போய்’ என்பதும் ‘பொய்’ என்பதும் ஏட்டில் ஒன்றாய் இருந்தால், மெய்யை உரைக்கச் சென்றவர் வாயில் பொய் வந்துவிடாதா?

முனிவர் கண்ட வழி

வீரமாமுனிவர் கண்ட தீர்வு மிக எளியது. குறிலை இயல்பான வடிவில் விட்டுவிட்டு, நெடிலுக்கு ஓர் அடையாளம் சேர்த்தார். எ என்பதன் கீழே ஒரு கோடு இழுத்தால் ஏ. ஒ என்பதன் அடியைச் சுழித்தால் ஓ. ஒற்றைக் கொம்பின் மேலே ஒரு சுழி சேர்த்தால் இரட்டைச் சுழிக் கொம்பு; கெ என்பது கே ஆயிற்று. கொகரமும் கோகாரமும் அதே கொம்பால் பிரிந்தன.

இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. முன்பு குறுகிய ஒலிக்கு அடையாளம் இருந்தது. இப்போது நீண்ட ஒலிக்கு நீண்ட வடிவம் வந்தது. முன்பு புள்ளியை ஓலைக்கு அஞ்சி விட்டுவிடலாம். சுழியோ எழுத்தின் உடலோடு ஒன்றியது, விடுவதற்கில்லை. புதிய எழுத்து எதையும் அவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவில்லை. தமிழ் எழுத்தையே ஒரு சிறிது வளைத்தார். தமிழ்ச் செவி ஏற்கெனவே அறிந்திருந்ததைத் தமிழ்க் கண்ணுக்கும் காட்டினார். இவ்வழக்கம் ஒரே நாளில் பரவவில்லை. ஏடு பெயர்த்தவர்களாலும், பின்னர் அச்சு நூல்களாலும் மெல்ல மெல்ல நிலைபெற்றது.

தமிழ்த் தொண்டு

முனிவரின் பணி எழுத்தோடு முடியவில்லை. புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் தேம்பாவணி என்னும் காப்பியம் பாடினார். அதில் சூசையப்பருக்கு வளன் என்று பெயரிட்டார். எபிரேயப் பெயரின் பொருளை அறிந்து, தமிழ் நாவுக்கு இசைந்த ஒலியில் அவர் அமைத்த பெயர் அது. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தை இயற்றினார். நிகண்டுச் செய்யுள்களை மனப்பாடம் செய்தே சொற்பொருள் அறிந்த காலத்தில், 1732இல் அகரவரிசையில் சொற்களை அடுக்கிச் சதுரகராதி தந்தார். குறில் நெடில் வேறுபாடு எழுத்தில் தெளிவாகாவிட்டால் அகரவரிசையும் தடுமாறும் என்பதை எண்ணிப் பாருங்கள். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். நாம் படித்துச் சிரிக்கும் பரமார்த்த குரு கதையும் அவர் எழுதியதே.

இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆலயமும், கடலூர் மாவட்டத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா ஆலயமும் அவருடைய தேவதாய் பக்திக்குச் சான்றாக நிற்கின்றன. மாதாவின் திருத்தலமாகிய ஏலாக்குறிச்சியை அவர் திருக்காவலூர் என்று அழைத்தார்.

இறுதி நாட்கள்

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த முனிவர், 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் கேரளத்து அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். 1679ஆம் ஆண்டிலேயே தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சான ஊர் அது. அகராதி தந்த முனிவர் அங்கே கண்மூடியது பொருத்தமே. 1968ஆம் ஆண்டு சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, மெரினா கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் வரிசையில் அவருக்கும் சிலை நிறுவப்பட்டது.

தாய்மொழி நமக்கு எளிதாகக் கிடைத்த செல்வம். எளிதாகக் கிடைத்ததாலேயே ழகரத்தை யகரமாக்குகிறோம், ளகரத்தை லகரமாக்குகிறோம். கைப்பேசியில் அவசரமாகத் தட்டும்போது கொம்பின் சுழியையும் மறந்துவிடுகிறோம். அயல்நாட்டில் பிறந்த ஒருவர் ஒவ்வோர் ஒலியையும் பொறுமையோடு கேட்டு, நாவைப் பழக்கி, அது நம் கையெழுத்தில் சிதையாதபடி காத்துத் தந்தார். திருப்பலியில் வாசகம் படிக்கும்போதும், மேடையில் பேசும்போதும், இல்லத்தில் தம்பி தங்கையர்க்குப் பாடம் சொல்லும்போதும் ஒலி பிறழாமல் பேசுவதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றி. நன்றாகச் செவிகொடுப்பவரே நன்றாகப் பேசுவார் என்பது முனிவரின் வாழ்வு நமக்குத் தரும் பாடம்.

வாழ்க வீரமாமுனிவர் புகழ்! வளர்க தமிழ்!