அருவியைப் படம்பிடித்த வாட்கின்ஸ்

கார்ல்டன் வாட்கின்ஸ் 1829-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். பொன் தேடிக் கலிபோர்னியாவிற்குத் திரண்டோருடன் தாமும் சென்று, அங்கே ஒளிப்படக்கலை பயின்றார். 1861-இல், 2,425 அடி உயர அருவி வீழும் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை அடைந்தார்.

அந்நாளில் படமெடுத்தல் எளிய செயலன்று. 22 அங்குல நீளமுள்ள கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே இருட்கூடாரத்துள் கழுவுதல் வேண்டும். அச்சுமை முழுவதையும் கோவேறு கழுதைகள் மலைவழியே சுமந்தன. ஒளி பல விநாடிகள் விழுந்தாலன்றித் தகட்டில் உருவம் பதியாது. அதுகாறும் ஓடும் நீர் நிற்குமோ? பாறையும் மரமும் தெளிவுறப் பதிய, அருவி மட்டும் உலர விரித்த வெண்பட்டுப்போல் பதிந்தது. இதனைக் குறை என்பாரும் உளர். துளியைக் காட்டாவிடினும் ஓட்டத்தைக் காட்டுகின்றதன்றோ அப்படம்?

1864-இல் அப்பள்ளத்தாக்கைப் பொதுவுடைமையாகக் காக்கும் சட்டத்தில் லிங்கன் கையொப்பமிட்டார். அதற்குத் துணைநின்றவற்றுள் இப்படங்களும் அடங்கும்.

பின்னர் வாட்கின்ஸ் கடனால் தம் படக்கூடத்தையும் தகடுகளையும் இழந்தார். தளராது மீண்டும் சென்று அவ்வருவிகளையே புதிதாகப் படமெடுத்தார். முதுமையில் கண்ணொளி மங்கிற்று. 1906-இல் சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்தெழுந்த தீ, அவரிடம் எஞ்சிய தகடுகளையும் அழித்தது. 1916-இல் மனநல மருத்துவமனையொன்றில் உயிர்நீத்தார். முன்னரே விலைபோய்ப் பிறர் கையில் இருந்த படங்களே இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.