சேர் பொன்னம்பலம் இராமநாதன்: அயலவருக்காக வாதாடிய சைவர்

கொச்சிக்கடையிலே கருங்கல்லினால் எழுந்து நிற்கும் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை அறியாத சைவர் கொழும்பிலே இரார். அதற்கு மிக அண்மையிலே புனித அந்தோனியார் ஆலயம் இருக்கின்றது. கொட்டாஞ்சேனைப் பக்கம் சிறிது தூரம் சென்றால் புனித லூசியாள் பேராலயத்தையும், தீபதுத்தாராமய என்னும் பௌத்த விகாரையையும் காணலாம். இவற்றுக்கிடையே பள்ளிவாசல்களும் உள்ளன. ஒருகொடவத்தையிலுள்ள நமக்கு இவை யாவும் அயலிடங்களே. சிவன் கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டு, செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றிவரும் தாய்மார் நம்மிடையே பலர் உளர்.

இவ்வாறு கோவில்கள் அருகருகே நிற்பது எளிது. அவற்றிலே வழிபடும் மக்கள் ஒருவர்க்கொருவர் துணை நிற்பதே அரிது. அக்கருங்கல் ஆலயத்தை எடுப்பித்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை ஆலயத் திருப்பணியாளர் என்றும், சட்ட மேதை என்றும் நாம் போற்றுகின்றோம். அவர் தம் சமயத்தவரல்லாத மக்களுக்காக எவ்வாறு வாதாடினார் என்பதையும், அவ்வழியிலே எங்கே தவறினார் என்பதையும் எண்ணிப் பார்ப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

இராமநாதன் அவர்கள் 1851ஆம் ஆண்டு ஏப்ரில் 16ஆம் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். தமையனார் குமாரசுவாமி, தம்பியார் அருணாசலம். சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக விளங்கிய சேர் முத்துக்குமாரசுவாமி இவர்தம் தாய்மாமனார். கொழும்பிலும், பின்னர் சென்னை பிரசிடென்சிக் கல்லூரியிலும் கற்று, நாடு திரும்பிச் சட்டம் பயின்று அப்புக்காத்து ஆனார். 1879ஆம் ஆண்டிலே மாமனார் காலமாக, அவருடைய இடத்திலே தமிழர் பிரதிநிதியாக இராமநாதன் நியமனம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 28. இன்று நம் சங்கத்து வாலிபர் பலருடைய வயதும் ஏறக்குறைய அதுவே.

அவர் சபையிலே அமர்ந்து நான்கு ஆண்டுகள் சென்றபின், நம் அயலிலேயே ஒரு பெருங் கலகம் மூண்டது. 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரருடைய தீபதுத்தாராமய விகாரையை நோக்கிப் பௌத்தர்களின் ஊர்வலம் ஒன்று வந்தது. கத்தோலிக்கர் தம் திருநாளைக் கொண்டாடிய அதே வேளையில், அதே கொட்டாஞ்சேனையில் அது நடைபெற்றமையால் கைகலப்பு உண்டாயிற்று. உயிர்ச்சேதமும் நேர்ந்தது, பலர் காயமுற்றனர். குற்றஞ் செய்தவர் தண்டிக்கப்படவில்லை என்று பௌத்தர்கள் மனங் கொதித்தனர். கேணல் ஒல்கொட் என்னும் அமெரிக்கர் 1884இல் இலண்டன் மாநகர் சென்று அவர்களுடைய குறைகளை எடுத்துரைத்தார். வெசாக் பூரணையை அரசாங்க விடுமுறை நாளாக்க வேண்டும் என்பது அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று.

நத்தார் தினத்தை விடுமுறையாகக் கொண்டாடிய ஆட்சியிலே, நாட்டின் பெரும்பான்மை மக்களுக்குத் தம் பெருமானின் திருநாளிலே ஓய்வு கிடையாது. இக்குறையைத் தீர்க்கும்படி வாதாடியவர்களுள் தமிழ்ச் சைவராகிய இராமநாதனும் ஒருவர். அதனால் அவருக்கோ, அவரைத் தம் பிரதிநிதியாகக் கொண்ட மக்களுக்கோ யாதொரு இலாபமும் இல்லை. தம் சமயத்துக்கு எது நீதி என்று எண்ணினாரோ, அதுவே பிறர் சமயத்துக்கும் நீதி என்று அவர் கொண்டார். 1885ஆம் ஆண்டிலே வெசாக் விடுமுறை வழங்கப்பட்டது. வெசாக் காலத்திலே நம் தெருக்களில் ஒளிரும் கூடுகளைக் கண்டு மகிழும் நாம் இச்செய்தியையும் நினைத்தல் வேண்டும்.

இராமநாதனுடைய உள்வாழ்க்கையை உருவாக்கியவர் தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகள். அக்குருவின் அருளாலே அவர் சைவ சித்தாந்தத்திலும் வேதாந்தத்திலும் ஆழ்ந்தார். அவ்வாறு ஆழ்ந்தவர் செய்த ஒரு காரியம் வியப்புக்குரியது. கிறிஸ்தவ வேதத்தைக் கையிலெடுத்து, அதற்கு ஆங்கிலத்திலே உரை எழுதினார்! ஸ்ரீ பரானந்தர் என்ற பெயருடன் 1898இல் மத்தேயு சுவிசேஷத்துக்கும், 1902இல் யோவான் சுவிசேஷத்துக்கும் அவர் எழுதிய உரைகள் வெளிவந்தன. இயேசு பெருமானுடைய போதனையைக் கீழைத்தேச ஞானியர் காட்டிய ஆன்ம வழியோடு ஒப்பிட்டு அவர் விளக்கினார். அவ்விளக்கத்தைக் கிறிஸ்தவர் அனைவரும் ஏற்றுக்கொள்ளார். ஏற்க வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் பிறருடைய திருநூலைக் குற்றங் காண்பதற்கன்றிப் பொருள் காண்பதற்காகப் படித்தார் என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

இவ்விடத்தில் என் அநுபவம் ஒன்றைச் சொல்ல நேர்கின்றது. யான் கற்றது கிறிஸ்தவ மிஷன் பாடசாலை ஒன்றிலே. வீட்டிலே தேவாரம் ஓதித் திருநீறு பூசிச் சென்று, அங்கே காலைக் கூட்டத்திலே சுவிசேஷ வாசகங் கேட்பேன். ஒன்றைக் கேட்பதால் மற்றொன்றை இழந்துவிடுவேனோ என்ற அச்சம் சிறு வயதிலே எனக்கு இருந்தது. இராமநாதனுடைய வரலாற்றைப் படித்தபோது அவ்வச்சம் நீங்கியது. யோவான் சுவிசேஷ உரை வெளிவந்து பத்தாண்டுகளில், தந்தையார் 1857இல் அமைத்த பொன்னம்பலவாணேசுவரர் கோவிலை அவர் கருங்கற் கோவிலாக்கி 1912இல் குடமுழுக்குச் செய்வித்தார். பைபிளைப் படித்த கண்கள் சிவலிங்கத்தை மறக்கவில்லை. வேரூன்றி நிற்கும் மரத்துக்கே பக்கத்து மரத்தின் நிழலைக் கண்டு பயமில்லை.

சைவப் பிள்ளைகளுக்குச் சைவக் கல்விச்சாலைகள் வேண்டும் என்றும் அவர் உழைத்தார். 1913இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியிலே பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்திலேயே 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தோன்றியது. தன்னுடையதைப் பேணுதலும் பிறருடையதை மதித்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

சிங்கள மக்கள் தம் மொழியையும் வழக்கங்களையும் கைவிட்டு மேனாட்டாரைப் போலாவதைக் கண்டு அவர் வருந்தினார். 1904ஆம் ஆண்டிலே கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் உரையாற்றி, சிங்களவர் சிங்களம் பேசவேண்டும் என்று அறிவுறுத்தினார். 1911ஆம் ஆண்டில் படித்த இலங்கையருக்கென ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் முதல் தேர்தல் வந்தது. வாக்குரிமை பெற்றிருந்தோர் மூவாயிரத்துக்கும் குறைந்தோரே. அவர்களுள்ளே சிங்களவரே கூடுதலாக இருந்தனர். எதிர்த்து நின்ற டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோ ஒரு சிங்களவர். வெற்றி பெற்றவரோ இராமநாதன். அவ்வெற்றியிலே சிங்களவருட் சிலருடைய சாதிப் போட்டிக்கும் பங்குண்டு என்பதை மறைத்தல் ஆகாது. ஆயினும் அவர் சபைக்குச் சென்றது நாட்டுக்கு எவ்வளவு வேண்டியதாயிருந்தது என்பது நான்கு ஆண்டுகளில் தெரியவந்தது.

கம்பளையிலே வலஹாகொட தேவாலயத்துப் பெரஹரா, பள்ளிவாசல் ஒன்றின் முன்னால் மேளதாளத்தோடு செல்லலாமா என்று ஒரு வழக்கு எழுந்தது. கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1915 பெப்ருவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. மனக்கசப்பு வளர்ந்தது. அவ்வாண்டு மே மாதம் 28ஆம் திகதி வெசாக் இரவிலே கண்டியிற் கலகம் தொடங்கி, கொழும்புக்கும் பிற ஊர்களுக்கும் பரவியது. எந்தத் திருநாளுக்காக இராமநாதன் முப்பது ஆண்டுகளுக்கு முன் வாதாடினாரோ, அந்தத் திருநாளிலேயே தீமை மூண்டது. முஸ்லிம்களுடைய கடைகள் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை கொள்ளையிடப்பட்டன. பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. முஸ்லிம்கள் பலர் உயிரிழந்தனர்.

யூன் 2ஆம் திகதி அரசாங்கம் கொழும்பிலே இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. கலகம் அடங்கிய பின்னரும் அச்சட்டம் ஓகஸ்ட் முடிவுவரை நீடித்தது. விசாரணையின்றிச் சுடப்பட்டவர்களும் உளர். 26 வயதினரான ஹென்றி பேதிரிஸ் என்னும் வாலிபர் இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பினால் யூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். எப். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக முதலிய தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். அக்காலத்துத் தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் பாளி மொழியிலே வல்லவர். ஜாதகக் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். பௌத்த நூல்களை அத்துணை கற்றிருந்தும், பௌத்த மக்கள் துன்புற்றபோது அக்கல்வி அவர்களுக்கு உதவவில்லை. பிறர் வேதத்தைக் கற்பது முதற்படியேயன்றி முடிவன்று என்பதை இதனால் அறிகின்றோம்.

அச்சம் நிறைந்த அந்நாட்களிலே இராமநாதன் சபையில் எழுந்து நின்றார். அப்பொழுது அவருக்கு வயது 64. பட்டமும் பதவியும் செல்வமும் உடைய அவர் வாய்மூடி இருந்திருக்கலாம். இராணுவத்தினரும் ஆங்கில உத்தியோகத்தரும் செய்த கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கூறி, நீண்ட உரைகள் ஆற்றினார். பாரபட்சமற்ற விசாரணை வேண்டும் என்று கேட்டார். யுத்த காலத்திலே கடலைக் கடந்து இலண்டன் சென்று முறையிட்டார். 1916இல் இக்கலகத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் இலண்டனில் வெளியாயிற்று. கிறிஸ்தவரான ஈ. டபிள்யூ. பெரேராவும் அந்நகரிலே இந்நீதிக்காக உழைத்தார். பௌத்தருடைய துயரத்தைச் சொல்ல ஒரு சைவரும் ஒரு கிறிஸ்தவரும் கடல் கடந்து சென்றனர்! இராமநாதன் ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்கள் தாமே அதனை இழுத்துச் சென்ற செய்தி இன்றும் பேசப்படுகின்றது.

இத்துடன் நிறுத்திவிட்டால் கட்டுரை இனிதாக முடியும், உண்மை முடியாது. கடைகளை இழந்து, உறவினரை இழந்து நின்ற முஸ்லிம் மக்கள் அந்த உரைகளை எப்படிக் கேட்டிருப்பர்? சிங்களவர்மீது இழைக்கப்பட்ட அநீதி விரிவாகப் பேசப்பட்டது; தம்முடைய கண்ணீர் அதற்கேற்பப் பேசப்படவில்லை என்று அவர்கள் மனம் நொந்தனர். முன்னரே 1888இல், இலங்கைச் சோனகர் இனத்தாலே தமிழரே என்று இராமநாதன் றோயல் ஆசியச் சங்கத்திலே வாசித்த கட்டுரை அவர்களுக்கு வருத்தம் அளித்திருந்தது. தாம் யார் என்பதைப் பிறர் தீர்மானிப்பதா என்பது அவர்களுடைய கேள்வி. ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதினார். ஓர் அயலவருக்காக மலைபோல் நின்ற பெரியார், மற்றோர் அயலவருடைய புண்ணைப் போதிய அளவு பார்க்கவில்லை.

இதனைச் சொல்வது பெரியாரை இழிவுபடுத்துவதாகாது. அவர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடரவேண்டும் என்பதற்காகவே சொல்கின்றேன். 1921இல் சேர் பட்டம் பெற்ற இராமநாதன் 1930ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி, தமது 79ஆம் வயதிலே சிவபதம் எய்தினார். அதன் பின்னர் இந்நாடு பல துன்பங்களைக் கண்டது. 1983 யூலையிலே தமிழருடைய வீடுகள் எரிந்தபோது, நம்மவரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த சிங்கள அயலவர் உளர். நம் பெரியோர் அதனை மறவார். 2019ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, இராமநாதனுடைய கருங்கல் ஆலயத்துக்கு அண்மையிலுள்ள அந்தோனியார் ஆலயத்திலே குண்டு வெடித்து, வழிபட வந்தோர் மாண்டனர். மூன்று வாரங்கள் செல்லுமுன், அக்கொடுமையிலே எவ்விதப் பங்குமில்லாத முஸ்லிம்களுடைய கடைகளும் பள்ளிவாசல்களும் வேறு ஊர்களிலே தாக்கப்பட்டன. மாண்ட கிறிஸ்தவருக்காக அழுத கண், எரிந்த முஸ்லிம் கடைக்காகவும் கலங்கியதா? இக்கேள்வியை நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

சமயப்பொறை என்பது பிறரைச் சகித்துக்கொண்டு ஒதுங்கியிருப்பது மாத்திரமன்று. நேற்று ஒருவருக்காகப் பேசிய வாய், இன்று மற்றவருக்காகவும் திறக்க வேண்டும். நாளை நம்மைத் துன்புறுத்தியவனுடைய பிள்ளைக்காகவும் அது திறக்க நேரிடலாம். வாலிப அன்பர்களே, அடுத்த முறை பொன்னம்பலவாணேசுவரர் சந்நிதியிலே நிற்கும்போது, இக்கோவிலைக் கட்டியவர் அயலவருக்காகக் கடல் கடந்தார் என்பதை நினையுங்கள். நாம் கடலைக் கடக்க வேண்டியதில்லை. தெருவைக் கடந்தாற் போதும். பெரியோர்களே, அவ்வாறு நாங்கள் கடக்கும்போது தடுக்காது வாழ்த்துங்கள்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் நாமம் வாழ்க!