குரலுக்குத் தனி இடம் கொடுத்த மெய்யப்ப செட்டியார்

ஏவி.எம். என்ற பெயரைத் தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்த எல்லோரும் அறிவோம். அந்தப் பெயருக்குரிய ஏ.வி. மெய்யப்ப செட்டியார் 1979 ஓகஸ்ட் 12 இல் காலமானார். பலரும் அவரைப் படமுதலாளியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். எத்தாளையில் டீஎஸ்எல்ஆர் கமராவோடு திரியும் எனக்கு அவர் வேறு காரணத்தால் முக்கியமானவர். படம் எடுப்பது ஒரு வேலை, குரலைப் பதிவது இன்னொரு வேலை என்று தமிழ்த்திரையில் செய்து காட்டிய முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

1907 ஜூலை 28 இல் காரைக்குடியில் பிறந்தவர். தந்தை ஆவிச்சி செட்டியாரின் கடையில் இசைத்தட்டுகளும் விற்றன. 1932 இல் நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் சரஸ்வதி ஸ்ரோர்ஸைத் தொடங்கினார். இசைத்தட்டில் முகம் கிடையாது. குரல் தெளிவில்லை என்றால் வாங்க ஆளில்லை. அந்த வியாபாரத்தில் பழகிய காதோடுதான் அவர் சினிமாவுக்குள் வந்தார். 1935 இல் எடுத்த அல்லி அர்ஜுனா கையைக் கடித்தது. ஆனாலும் அவர் விலகவில்லை.

அந்நாளில் நடிப்பவரே கமராவுக்கு முன் நின்று பாடவேண்டும். வாத்தியக்காரர் கமராவின் கண்ணில் படாமல் ஒதுங்கியிருந்து வாசிப்பார்கள். அக்கம்பக்கத்துச் சத்தமும் பாட்டோடு சேர்ந்து பதிவாகிவிடும். 1938 இல் வந்த நந்தகுமாரில் மெய்யப்பர் இதை மாற்றினார். லலிதா வெங்கட்ராமன் பாட, திரையில் வேறொருவர் வாயசைத்தார். தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக இந்தப் படத்தையே சொல்கிறார்கள். 1945 இல் ஸ்ரீவள்ளியில் இன்னும் ஒருபடி மேலே போனார். கதாநாயகி ருக்மிணியின் பாட்டு அவருக்குத் திருப்தி தரவில்லை. படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார். படம் பெருவெற்றி பெற்றது.

போர் அவரையும் அலைக்கழித்தது. மின்சாரக் கட்டுப்பாட்டால் சென்னையில் ஸ்ரூடியோ அமைக்க முடியாமல் காரைக்குடிக்கே திரும்பி, கொட்டகை போட்டு வேலை செய்தார். 1947 இல் வந்த நாம் இருவர் அங்கே உருவானதுதான். அதில் குமாரி கமலா ஆடினார், டி.கே. பட்டம்மாள் பாடினார். 1948 இல்தான் ஸ்ரூடியோ கோடம்பாக்கம் போனது.

அவர் செய்ததை இன்று சிறிய செலவில் நாமும் செய்யலாம். டீஎஸ்எல்ஆர் கமராவுக்குள் இருக்கும் மைக், லென்ஸ் மோட்டாரின் இரைச்சலையும் கைபடும் சத்தத்தையும் கூடவே பிடிக்கும். பேசுபவர் சற்று மௌனமானால், தானியங்கி ஒலியளவு சுற்றுச் சத்தத்தைத் தூக்கிவிடும். அதனால் நான் அதை நிறுத்திவிட்டு, பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்குமாறு கையால் வைக்கிறேன். முக்கியமான குரலைத் தனி ரெக்கோடரிலோ போனிலோ பதிகிறேன். கிளிப் மைக்கைப் பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சட்டையில் பொருத்துவேன். தொடக்கத்தில் கமராவுக்கு முன் ஒருமுறை கைதட்டினால் போதும். பிறகு கணினியில் இரண்டையும் அந்தத் தட்டலில் பொருத்திவிடலாம்.

எங்கள் கரையில் பெரிய எதிரி காற்று. தென்மேற்குப் பருவத்தில் வெறும் மைக்கில் காற்றின் அடி மட்டுமே கேட்கும். மைக்குக்கு மயிர் உறை போட்டு, பேசுபவரை வீட்டுச் சுவரின் காற்றடிக்காத பக்கத்தில் இருத்த வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, காதில் ஹெட்போன் வைத்துக் கேட்டபடி பதிய வேண்டும். கடைசியில் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் ஓசையையும் எடுத்து வைத்தால், வெட்டி ஒட்டும்போது உதவும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. புத்தளத்தில் 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். வன்னியிலும் கிழக்கிலும் வேறு இழப்புகளைச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லத் தெரிந்த முதியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். மங்கலான படத்திலும் ஒருவரை அடையாளம் காணலாம். காணாமல்போன மகனின் பெயரையோ விட்டுவந்த ஊரின் பெயரையோ காற்று விழுங்கிவிட்டால், அந்தச் சாட்சியம் பயனற்றுப்போகும். மெய்யப்பர் பாட்டு இனிக்க வேண்டும் என்று குரலைத் தனியாகப் பதிந்தார். நாங்கள் ஒரு பெயர்கூடத் தவறக்கூடாது என்பதற்காக அதைச் செய்யவேண்டியிருக்கிறது.