சித்தூர் நாகையா

மாணவர்களே! வேலூரிலிருந்து வரும் சாலையில் நம் குடிபாலாவைக் கடந்தால் சித்தூரை அடையலாம். அவ்வூரின் பெயரைத் தம் பெயருக்கு முன் தாங்கி வாழ்ந்த திரைக்கலைஞர் ஒருவர் உண்டு. ஆனால், அவர் சித்தூரில் பிறந்தவர் அல்லர்.

உப்பலதடியம் நாகையா 1904ஆம் ஆண்டு குண்டூர் மாவட்டத்தில் பிறந்தார். இளமையில் எழுத்தராகவும் இதழாளராகவும் பணிபுரிந்தார். சித்தூர் நாடக மேடைகளில் பாடி நடித்துப் புகழ்பெற்றார். வந்து சேர்ந்த ஊரே அவருக்கு அடையாளம் ஆயிற்று.

1938இல் 'கிருகலட்சுமி' என்னும் தெலுங்குப் படத்தின் வழியே திரையுலகில் நுழைந்தார். போத்தனா, வேமனா ஆகிய தெலுங்குக் கவிஞர்களாக நடித்து மக்கள் மனத்தில் இடம்பெற்றார். தாய்மொழி தெலுங்காயினும் தமிழிலும் சிறந்து விளங்கினார். 1941இல் வெளிவந்த 'அசோக்குமார்' படத்தில் தியாகராஜ பாகவதருடன் நடித்தார். 1945இல் 'மீரா' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியுடன் நடித்தார்.

1946இல் வெளிவந்த 'தியாகையா' படத்தை அவரே இயக்கினார். அவரே இசையமைத்து, தியாகராசராக நடித்துப் பாடினார். தியாகராசர் திருவாரூரில் பிறந்து, திருவையாற்றில் வாழ்ந்து, தெலுங்கில் பாடியவர். செல்வத்தை நாடாதவர் எனப் போற்றப்படுபவர். தமிழ் மண்ணில் தெலுங்கில் பாடியவரின் வாழ்வை, தமிழிலும் நடித்த தெலுங்கர் திரைக்குக் கொண்டுவந்தார். 1953இல் ஒரே கதையைத் தெலுங்கில் 'நா இல்லு' எனவும் தமிழில் 'என் வீடு' எனவும் இயக்கினார்.

பெரும்பொருள் ஈட்டிய நாகையா, கேட்டவர்க்கெல்லாம் வாரி வழங்கினார். தாமே தயாரித்த படங்களால் இழப்பும் நேர்ந்தது. முன்பு கதைத்தலைவராக விளங்கியவர், பிற்காலத்தில் வறுமையுற்றுச் சிறு வேடங்களில் நடித்தார். 1965இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1973 டிசம்பர் 30ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவர் சேர்த்த பொருள் நிலைக்கவில்லை. சித்தூர் என்னும் பெயர் மட்டும் அவருடன் நிலைத்தது.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளே! பிறந்த ஊர் ஒன்றாகவும் வாழும் ஊர் வேறாகவும் இருக்கலாம். உழைப்பால் இரண்டையும் நம் ஊராக்கலாம்.

அருஞ்சொற்பொருள்
ஈட்டுதல் - சம்பாதித்தல்
வாரி வழங்குதல் - அளவின்றிக் கொடுத்தல்
கதைத்தலைவர் - கதாநாயகர்

விடை எழுதுக
1. நாகையாவின் பெயருடன் சித்தூர் சேர்ந்தது எவ்வாறு?
2. தியாகராசருக்கும் நாகையாவுக்கும் உள்ள ஒற்றுமைகள் யாவை?
3. நாளைக்கென்று சேர்க்காமல் பிறருக்கு வழங்கியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.