சந்துபோங் மழையில் வாலஸை நினைத்தேன்

கடந்த ஆண்டு என் மடிக்கணினி திடீரெனச் செயலிழந்தது. உயிரியல் திட்டப்பணிக்காக நானும் தோழியும் ஒரு மாதமாக ஈரநிலங்களில் அலைந்து சேர்த்த குறிப்புகள் அத்தனையும் போயின. நகல் எடுத்து வைக்காதது என் தவறு. பாடத்தையே கைவிடலாமா என்று யோசித்தபோதுதான் ஆல்ஃபிரட் ரசல் வாலஸின் வாழ்க்கையைப் படித்தேன்.

1823ல் வேல்ஸில் பிறந்த அவர், குடும்பத்தின் பண நெருக்கடியால் 14 வயதில் பள்ளியை விட்டவர். நில அளவை வேலை செய்துகொண்டே செடிகளையும் வண்டுகளையும் பற்றித் தாமாகவே கற்றார். 1848ல் அமேசான் காடுகளுக்குச் சென்றார். அங்கு அவருடன் சேர்ந்துகொண்ட தம்பி மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். 1852ல் நாடு திரும்பும் வழியில் நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. சேகரித்தவற்றில் பெரும்பகுதி சாம்பலானது. 10 நாள் படகில் தத்தளித்து உயிர் பிழைத்தார்.

இரண்டே ஆண்டுகளில், 1854 ஏப்ரலில், அவர் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். புலிகள் நடமாடிய புக்கிட் தீமா காட்டில், ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்பில் மட்டும் சுமார் 700 வகை வண்டுகளைக் கண்டெடுத்தார். இன்று லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி ஹில்வியூவில் இறங்கினால், டெய்ரி ஃபார்ம் பூங்காவில் அவர் பெயரிலேயே ஒரு நடைபாதை உண்டு.

அங்கு நடந்த பிறகு, ஜூன் விடுமுறையில் சரவாக்கின் சந்துபோங்கிற்கும் சென்றேன். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவே ஆற்று முகத்துவாரமும் சதுப்புநிலக் காடும். இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக முடியவில்லையே என்று சலித்துக்கொண்டேன்.

1855 பிப்ரவரியில் வாலஸும் இதே இடத்தில்தான் மழையில் அடைபட்டிருந்தார். மலை அடிவாரத்தில் சிறு வீடு. துணைக்குச் சமையல் செய்ய ஒரு மலாய்ச் சிறுவன். சேகரிக்க வழியில்லாததால் படித்தார், சிந்தித்தார், எழுதினார். ஒவ்வோர் உயிரினமும், தன்னைப் போன்ற ஒரு பழைய இனம் வாழ்ந்த இடத்துக்கும் காலத்துக்கும் அருகிலேயே தோன்றுகிறது என்பது அந்தக் கட்டுரையின் மையக் கருத்து. எப்படித் தோன்றுகிறது என்ற கேள்விக்கு மட்டும் அப்போது அவரிடம் விடை இல்லை.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, கிழக்குத் தீவுகளில் காய்ச்சலில் படுத்திருந்தபோது அந்த விடை கிடைத்தது: சூழலுக்கு ஏற்றவையே பிழைத்துப் பெருகுகின்றன. அதை எழுதி டார்வினுக்கு அனுப்பினார். பல ஆண்டுகளாக அதே முடிவை வெளியிடாமல் வைத்திருந்தவர் டார்வின். 1858 ஜூலை 1ஆம் தேதி லண்டனில் இருவரின் எழுத்தும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. ஆனால், மறு ஆண்டு வெளிவந்த நூலால் உலகம் டார்வினையே கொண்டாடியது. வாலஸ் பகை பாராட்டவில்லை. 1889ல் தாம் எழுதிய நூலுக்கு 'டார்வினிசம்' என்றே பெயரிட்டார். 1913ல், 90 வயதில் மறைந்தார்.

அவருடன் பல ஆண்டுகள் தீவு தீவாகச் சென்று பறவைகளைச் சேகரித்த சரவாக் இளைஞர் அலியின் பெயரோ இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. நம் வட்டாரத்து மாணவர்களாவது அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் நாங்கள் மீண்டும் சேற்றில் இறங்கினோம். எதைத் தேட வேண்டும் என்று இம்முறை தெரிந்திருந்ததால், புதிய குறிப்புகள் பழையவற்றைவிடத் தெளிவாக அமைந்தன. இப்போது அவற்றை மூன்று இடங்களில் சேமித்து வைத்திருக்கிறேன்.