நீதிபதி முத்துசாமி ஐயர்

சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக விளங்கிய சர் முத்துசாமி ஐயர், தஞ்சைக்கு அருகிலுள்ள உச்சுவாடி என்னும் சிற்றூரில் 1832ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமை துரத்தவே, அன்னையார் மக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு திருவாரூர் சென்று குடியேறினார். அங்கே தமிழும் கணக்கும் பயின்ற முத்துசாமி, பன்னிரண்டாம் வயதில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக அமர்ந்தார். திங்கள் ஊதியம் ஒரு ரூபாய். அக்காலத்தையொட்டியே அன்னையாரும் மறைந்தார்.

ஒரு ரூபாய் வேலைதானே என்று அவர் அதனை எளிதாக எண்ணினாரல்லர். ஒரு நாள் ஆற்றங்கரை உடைந்தது என்னும் செய்தி தாசில்தாருக்கு எட்டியது. அலுவலகத்தில் வேறு எவரும் இல்லாமையால் அவர் இச்சிறுவனையே அனுப்பினார் என்பர். சிறுவன் நேரிற் சென்று உடைப்பின் அளவையும், அதனை அடைப்பதற்கு வேண்டும் பொருள்களையும் ஆட்களையும் கேட்டறிந்து வந்து உரைத்தான். தாசில்தார் முதலில் நம்பவில்லை. பின்னர் விசாரித்தபோது சிறுவன் கூறியன யாவும் சரியாகவே இருந்தன.

யான் வாழும் ஆரணியில் பட்டு நெய்வோர், பாவில் ஓரிழை அறுந்தாலும் தறியை நிறுத்தி அதனை முடிந்த பின்னரே நாடாவை ஓட்டுவர். சேலை வாங்குவோர் அம்முடிச்சைக் காணார், நெய்தவர் அறிவார். சிறுவன் முத்துசாமியின் உழைப்பும் அத்தகையதே.

முத்துசாமி நாயக்கர் என்னும் அத்தாசில்தார், தம் மருமகனுடன் இவரையும் நாகப்பட்டினத்துப் பாதிரிமார் பள்ளிக்கு அனுப்பினார். ஒன்றரை ஆண்டு அங்கே கழிந்தபின் இவர் சென்னைக்கு வந்து பவல் துரையிடம் பயின்றார். இரவில் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்தார் என்பது நாடறிந்த செய்தி. மாணவர்களே, அக்காலத்தில் மின்விளக்கு இல்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 1854ஆம் ஆண்டில் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் வென்று ஐந்நூறு ரூபாய் பரிசு பெற்றார். ஒரு ரூபாய்க்கு உழைத்தவருக்கு அஃது எத்துணைப் பெருந்தொகை!

பின்னர் ஆசிரியர், பள்ளித் துணை ஆய்வாளர், தரங்கம்பாடி முனிசீப்பு, துணைக் கலெக்டர், தென்கன்னடத்துச் சார்பு நீதிபதி எனப் படிப்படியாக உயர்ந்தார். உயர் பதவியில் இருந்தும் அவர் படிப்பை விட்டாரல்லர். சட்டப் பட்டத்தை நாற்பதை அணுகும் வயதில்தான் பெற்றார். செருமன் மொழியையும் கற்றார். பதவி கிடைத்தவுடன் புத்தகத்தை மூடிவிடுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

1868 முதல் அவர் சென்னையில் போலீசு மாசிஸ்திரேட்டாக இருந்தார். அப்போது ஓர் இந்தியரை அடித்தார் என்று ஆங்கிலேய உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர்மீது முறையீடு வந்தது. ஆளும் இனத்தவர், அதிலும் தமக்கு மேற்பட்ட மன்றத்தின் நீதிபதி! முத்துசாமி ஐயர் அவருக்கும் மற்றவர்க்குப் போலவே அழைப்பாணை விடுத்து, அபராதமும் விதித்தார். தம் வேலைக்கே இடர் நேரக்கூடும் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

1878ஆம் ஆண்டில் அவர் உயர்நீதிமன்ற நீதிபதியானபோது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அந்நியமனத்தைக் கடிந்து எழுதின. அவற்றிற்கு மறுமொழி கூற நம்மவர்க்கென ஓர் ஆங்கிலப் பத்திரிகை இல்லையே என வருந்திய சென்னை இளைஞர் அறுவர், அவ்வாண்டு செப்டம்பரில் ‘இந்து’ப் பத்திரிகையைத் தொடங்கினர். ஐயரோ தம்மைப் பழித்தோரோடு வாதிடாமல், பதினேழு ஆண்டளவும் தீர்ப்புகளை எழுதிவந்தார். 1893இல் மூன்று திங்கள் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார். 1895 சனவரியில் மறைந்தார்.

உயர்நீதிமன்றத்தினுள் அவருடைய சலவைக்கற் சிலை இன்றும் உள்ளது. தலைப்பாகை அணிந்து அமர்ந்திருக்கிறார். பாதங்களில் செருப்பு இல்லை.